பள்ளிக்கு வரும் பூர்வகுடி ஆட்டக்காரர்கள்: முதலில் ‘எந்த ஊர்?’ என்று கேளுங்கள்

மேற்கு சிட்னியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார். பையன் இரண்டாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு, ஒரே பள்ளி. அடுத்த வாரம் அபோரிஜினல் பாட்டு, ஆட்டக் குழு ஒன்று வருகிறது, காசு கட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நோட் வந்திருக்கிறது. இது மதச் சடங்கா, புகை போடுவார்களாமே? மகள் அந்த நீளக் குழலைத் தொடக்கூடாது என்கிறார்களே, உண்மையா? முகத்தில் ஏதாவது பூசிவிடுவார்களா? வீட்டில் ‘ஆதிவாசி’ என்றுதான் பேசுகிறோம், தப்பா? கடைசியாக, மாமனார் ‘அவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான், குமரிக்கண்டத்தில் இருந்து போனவர்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம், அதை என்ன செய்வது?

கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பதினான்கு வருடமாக அந்தப் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பெடுக்கிறேன், இந்த மாதிரி வருகைகளை இருபதுக்கு மேல் பார்த்திருப்பேன். நல்லதும் பார்த்திருக்கிறேன், கூச்சமாக இருந்ததும் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நோட்டில் ‘இன்கர்ஷன்’ என்று போட்டிருப்பார்கள். பிள்ளைகள் வெளியே போனால் எக்ஸ்கர்ஷன், ஆட்கள் உள்ளே வந்தால் இன்கர்ஷன், அவ்வளவுதான். மே கடைசியிலும் ஜூன் கடைசியிலும் இவை குவியும். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம். 1967-ல் பூர்வகுடி மக்கள் தொடர்பான அரசியலமைப்புத் திருத்தத்துக்கு நாடு ஓட்டுப் போட்ட நாளில் ஆரம்பித்து, 1992-ல் பூர்வகுடி மக்களின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்ற மாபோ தீர்ப்பு வந்த நாளில் முடிகிறது. பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம் ஜூலையில், ஆனால் அப்போது நம் மாநிலத்தில் பெரும்பாலும் விடுமுறை என்பதால் பள்ளிகள் ஜூன் கடைசியிலேயே கொண்டாடிவிடும். நல்ல குழுக்களுக்கு இந்தச் சில வாரங்கள் நம் நாதஸ்வரக்காரர்களுக்குத் தை மாத முகூர்த்தம் மாதிரி, மூச்சு விட நேரம் இருக்காது. காசு எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சில பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்கு அது தொழில், வண்டி ஓட்டி வருகிறார்கள், ஒரு பொழுது முழுக்க வெறுங்காலில் ஆடுகிறார்கள். நம் நடன டீச்சருக்கு டேர்ம் டேர்மாகக் கட்டுகிறோமே.

சரி, முக்கியமான விஷயம். நோட்டில் ‘அபோரிஜினல் நடனம்’ என்று மட்டும் இருந்தால், பள்ளி சொல்ல வேண்டியதில் பாதியை விட்டுவிட்டது. 1788-ல் வெள்ளையர் கப்பல் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250-க்கு மேல் மொழிகள் இருந்தன. ‘அபோரிஜினல் நடனம்’ என்பது ‘ஆசிய நடனம்’ என்பதைப் போல. பரதமும் கதக்களியும் பாலித் தீவு ஆட்டமும் அதற்குள் அடங்கும், ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றையும் தெரிந்துகொள்ள முடியாது. பூர்வகுடி மக்களில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது ‘உன் மாப் யார்?’ என்பதைத்தான். மாப் என்றால் கும்பல் அல்ல, சொந்தக்காரர்கள், சொந்த மண். நம் ஆட்கள் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று ஆரம்பித்து, பத்தாவது நிமிடம் பெரியப்பா மகன் வரைக்கும் போவோமே, அதே விசாரணைதான். ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வருகிறவர்கள் யார், விராஜுரியா, கமிலராயா, பண்ட்ஜலங்கா, தாருக்கா? அலுவலகத்தில் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டதாலேயே யாராவது விசாரிப்பார்கள்.

நம் பகுதி தாருக் மக்களின் மண். பரமட்டா என்ற பெயர் அவர்களுடையது, விலாங்கு மீன் இருக்கும் இடம் என்று பொருள், ரக்பி அணிக்கு ‘ஈல்ஸ்’ என்று பெயர் வந்ததும் அப்படித்தான். முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த மண்ணில்தான் செருப்பைக் கழற்றுகிறோம். டூங்காபி என்ற பெயரும் ஒரு தாருக் குலத்தின் பெயரில் இருந்து வந்தது. 1797-ல் அங்கிருந்த அரசுப் பண்ணையைத் தாக்கியவர் பெமுல்வுய் என்ற போராளி. 1802-ல் அவரைச் சுட்டுக் கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் பெயரில் இன்று ஒரு புறநகர் இருக்கிறது, நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள், தெருப் பெயரைத் தாண்டி யாரும் விசாரிப்பதில்லை. டிங்கோ, வாலபி, வாம்பட், பூமராங் எல்லாம் தாருக் சொற்கள்தான். ஆட்டமும் பாட்டும் கூடிய இரவுக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரோபரி’ என்ற சொல்லும் இங்கிருந்தே போனது.

இனி அந்தக் குழல். பெரும்பாலான பள்ளி நிகழ்ச்சிகளில் ஹீரோ அதுதான், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். டிட்ஜெரிடூ என்ற பெயரை வெள்ளையர்கள் ஓசையைக் கேட்டு வைத்தார்கள் என்றுதான் பொதுவாகக் கருதுகிறார்கள். நாட்டின் வட கோடியில், வடகிழக்கு ஆர்னம் லாண்டில் இருக்கும் யொல்ஙு மக்கள் அதை யிடாகி என்பார்கள். யூக்கலிப்டஸ் மரத்தைக் கரையான் உள்ளே தின்று குடைந்துவிடும், தட்டிப் பார்த்து, உள்ளே வெறுமையாக ஒலிக்கும் மரத்தைத் தேர்ந்து வெட்டுவார்கள். வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு. கன்னத்தில் காற்றை நிறுத்தி வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார்கள், அதனால் ஓசை அறுவதே இல்லை. நாதஸ்வரக்காரர்களின் கன்னத்தைக் கவனித்திருந்தால் இந்த வித்தை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

அது வடக்கின் கருவி. சிட்னிப் பக்கத்து மக்களிடம் பழங்காலத்தில் அது இல்லை. இங்கே தென்கிழக்கில், போசம் என்ற மரவிலங்கின் தோலில் செய்த போர்வையைச் சுருட்டியோ தொடைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியோ பெண்கள் கையால் அடித்துத் தாளம் போட்டார்கள். குச்சியோடு குச்சி தட்டுவது, பூமராங்கோடு பூமராங் தட்டுவது உண்டு. பிற்காலத்தில் யூக்கலிப்டஸ் இலையை உதட்டில் வைத்து ஊதுவது பெரிய கலையாக வளர்ந்தது. 1932-ல் சிட்னி ஹார்பர் பாலம் திறந்தபோது வாலகா லேக்கில் இருந்து வந்த இலை வாத்தியக் குழு வாசித்தது. ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வந்த முதியவர் விளையாட்டு மைதான ஓரத்தில் இருந்த மரத்தில் ஒரு இலையைப் பறித்து, துடைத்து, ஒரு மெட்டு வாசித்தார். அன்று மதியம் அந்த மரத்தில் எட்டும் உயரத்தில் இலை மிஞ்சவில்லை, பிள்ளைகள் பறித்துத் தீர்த்துவிட்டார்கள். டிட்ஜெரிடூவை விட அதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் வந்தால் எல்லாமே வேறு: வாரப் என்று உடுக்கையை நீட்டிவிட்ட மாதிரி இடை சிறுத்த பெரிய மேளம், கையில் குலுக்கும் விதைக் கொத்து, தலையில் தாரி என்ற இறகு அணி. அவர்களின் கொடியின் நடுவில் இருப்பது அந்தத் தாரிதான்.

உங்கள் மகள் விஷயம். வடக்கில் சடங்குகளில் ஆண்கள்தான் யிடாகி ஊதுவார்கள். பெண்கள் தொடவே கூடாது, விளையாட்டுக்கு ஊதலாம், இரண்டு மாதிரியும் ஊருக்கு ஊர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவி பிற்காலத்தில் வந்து சேர்ந்த தென்கிழக்கில்தான் இந்தக் கட்டுப்பாட்டை அதிகமாக வலியுறுத்துகிறார்கள். 2008-ல் சிறுமிகளுக்கான ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் ஆஸ்திரேலியப் பதிப்பில் டிட்ஜெரிடூ ஊதச் சொல்லிக்கொடுக்கும் பக்கம் இருந்தது, கண்டனம் எழுந்து பதிப்பகம் மன்னிப்புக் கேட்டது. ஆகவே, குழு என்ன சொல்கிறதோ அதைச் செய்யட்டும். பையனுக்கு ஊதக் கொடுத்து மகளுக்குக் கொடுக்கவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வரும், அதை அடக்க வேண்டாம், ‘ஏன் என்று அவர்களிடமே கேள்’ என்று சொல்லி அனுப்புங்கள். நான் பார்த்தவரை ஆட்டக்காரர்கள் அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், பெண்களுக்கு மட்டுமேயான பாட்டும் ஆட்டமும் இருக்கின்றன, அந்தப் பக்கம் ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து.

இது மதச் சடங்கா? பள்ளியில் ஆடுவது எல்லாரும் பார்க்கலாம் என்று அவர்களே ஒதுக்கி வைத்த ஆட்டங்கள். கங்காரு, ஈமு, கொசு, மீன் பிடிப்பது, வரவேற்பு, இப்படி. ஒரே பாட்டுக்கு வெளிக்கதை ஒன்று, உள்கதை ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்கும் நமக்கும் வெளிக்கதை. உள்ளே இருப்பது உரிய வயதில், உரிய ஆளுக்கு, உரிய இடத்தில்தான். பாட்டுக்கு உரிமையாளர்கள் உண்டு. யொல்ஙு மக்களிடம் மணிகாய் என்ற பாட்டுத் தொடர்கள் குலத்துக்குக் குலம் தனி, ஒரு குலத்தின் பாட்டில் அந்தக் குலத்தின் நிலம், நீர், மூதாதையர் நடந்த வழி எல்லாம் இருக்கின்றன. அதைப் பாடத் தெரிவதும் அந்த நிலத்துக்கு உரியவர் என்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம். அதனால்தான் ‘நல்லா இருக்கே, அடுத்த வருஷம் நம் பிள்ளைகளை வைத்தே ஆண்டு விழாவில் போடலாம்’ என்று நாம் சொல்லக்கூடாது. சிலப்பதிகாரத்தை யார் வேண்டுமானாலும் மேடையேற்றலாம். இது அந்த வகை இல்லை, இன்னொருவர் வீட்டுப் பட்டாவை எடுத்து வாசிப்பது போல ஆகிவிடும்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆர்வக்கோளாறில், குழு வருவதற்கு முந்தின வாரம் என் வகுப்புப் பிள்ளைகளை அட்டைக் குழாயில் ‘டிட்ஜெரிடூ’ செய்யவைத்து அதன் மேல் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லி வராண்டா முழுக்க வரிசையாக வைத்திருந்தேன். வந்த குழுவின் பெரியவர் ஒரு அம்மா, குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்: ‘இது யாருடைய புள்ளி?’ எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து விளக்கினார். இன்று உலகம் ‘அபோரிஜினல் ஓவியம்’ என்று நினைக்கும் புள்ளி ஓவியம் மேற்குப் பாலைவனத்து மக்களுடையது. 1971-ல் பப்புன்யா என்ற ஊரில், அதுவும் ஒரு பள்ளிச் சுவரில், தேனெறும்பு ஓவியத்தில் இருந்து அது பெரிதாகக் கிளம்பியது. ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார், ஊர்ப் பெரியவர்கள் வரைந்தார்கள். பிறகு விற்பனைக்கு வரையும்போது, வெளியாட்கள் பார்க்கக்கூடாத குறிகளை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன. மறைக்க வைத்த புள்ளியை நான் ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து, அதுவும் வடக்கத்திக் குழலின் மேல், தாருக் மண்ணில் போடவைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கோயில் வாசலில் கதகளி வேஷத்தோடு பாங்க்ரா ஆடியது போல. அவர் திட்டவில்லை, ஆனால் அந்தக் குழாய்கள் சாயங்காலமே மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விட்டன.

முகத்தில் பூசுவதும் இதே கணக்கு. வெள்ளைக் களிமண்ணும் காவியும் மஞ்சளும் அவரவர் மண்ணில் எடுத்தவை, எந்தக் கோடு யாருக்கு என்று கணக்கு உண்டு. சில குழுக்கள் பிள்ளைகளின் கையில் ஒரு கோடு போடுவார்கள், சிலர் போடவே மாட்டார்கள். தோல் ஒவ்வாமை இருந்தால் நோட்டில் எழுதிவிடுங்கள். வீட்டிலேயே முகத்தில் வரைந்து அனுப்புவது மட்டும் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், பிள்ளைதான் கூட்டத்தில் நெளியும்.

‘ஆதிவாசி’யைக் கைவிடலாம் என்பேன். இந்தியாவில் அந்தச் சொல்லைப் பெருமையோடு சூட்டிக்கொள்ளும் மக்கள் உண்டு, அது வேறு. இங்கே நம் வீட்டுப் பேச்சில் அது ‘காட்டில் இருப்பவர்’ என்ற தொனியோடுதான் வருகிறது. வருகிறவர் பென்ரித்தில் பிறந்து, வாரத்தில் மூன்று நாள் நர்ஸாக வேலை பார்ப்பவராக இருப்பார். பூர்வகுடி என்று சொல்லுங்கள், தெரிந்தால் தாருக், விராஜுரி என்று பெயரையே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘அபோரிஜின்’ என்ற பெயர்ச்சொல்லை இப்போது தவிர்க்கிறார்கள், ‘அபோரிஜினல்’தான்.

அப்புறம் ஒரு சின்னச் சிக்கல், நம் பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது. அவர்கள் பெரியவர்கள் யாரைப் பார்த்தாலும் ஆன்ட்டி, அங்கிள்தானே. பூர்வகுடி மக்களிடமும் ஆன்ட்டி, அங்கிள் உண்டு, ஆனால் அது சமூகம் மதிக்கும் முதியவர்களுக்குக் கொடுக்கும் பட்டம். இருபத்திரண்டு வயது ஆட்டக்காரர் ஒருவரை என் வகுப்புத் தமிழ்ப் பையன் ‘அங்கிள்’ என்று கூப்பிட, கூட வந்தவர்கள் அவரை அன்று முழுக்க ‘அங்கிள், தண்ணி வேணுமா, அங்கிள், முட்டி வலிக்குதா’ என்று ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். தப்பில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், உண்மையான ஆன்ட்டி ஒருவர் முன்னால் வந்து நிற்கும்போது யார் நிற்கிறார் என்று அவர்களுக்குப் புரியும்.

அந்த ஆன்ட்டி பள்ளி வாசலுக்குள் நுழைவதே சாதாரண விஷயம் இல்லை. இந்த மாநிலத்தில் மற்றப் பெற்றோர் ஆட்சேபித்தால் அபோரிஜினல் பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து விலக்கலாம் என்ற நடைமுறை 1902-ல் வந்தது. சேர்க்க மறுக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடமிருந்து நீங்கியது 1972-ல். இப்போது எழுபது வயதில் இருப்பவர்கள் அதற்குள் பள்ளி வயதையே கடந்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1814-ல் ஆளுநர் மக்வாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியை ஏற்படுத்தினார், சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் திரும்ப அழைத்துப்போக முடியாது. 1823-ல் அது இடம் மாறியது, அதைச் சுற்றித்தான் பிளாக்டவுன் என்ற பெயரே வந்தது. பூர்வகுடி மக்களை வைத்திருந்த மிஷன் குடியிருப்புகளில் தாய்மொழி பேசினால் தண்டனை. அப்படி அடக்கப்பட்ட பாட்டைத்தான் பள்ளி மைக்கிலேயே பாடிக் காட்டுகிறார்கள். ஒரு பள்ளியில் ஆன்ட்டி ஒருவர் தாருக் மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடைவேளை மணி அடித்துவிட்டது, வகுப்புகளை எழுப்பிக் கலைத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மைக்கை அணைத்துவிட்டு நின்றார். எனக்கு அன்று ஆசிரியர் அறையில் டீ இறங்கவில்லை.

மாமனாருக்கு வருவோம். வளரியும் பூமராங்கும் ஒன்றுபோல இருக்கின்றன, ஆகவே அவர்கள் தமிழர்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியை நானும் வருடத்துக்கு நாலு தடவை வாங்குகிறேன். எறிகோல் பல நாடுகளில் இருந்திருக்கிறது. இந்த மக்கள் இந்த நிலத்தில் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார்கள். அதைத் தமிழ் வரலாற்றின் ஒரு கிளையாக ஆக்கினால் அவர்களுக்கு என்ன மரியாதை? மாமனாரைத் தடுத்தால் சண்டைதான் வரும், வேறொன்றைக் கொடுங்கள். யொல்ஙு மக்களின் பேச்சில் ங, ஞ, ண, ந, ம, ன என்று நம் மெல்லினம் ஆறின் ஒலியும் தனித்தனியாக உண்டு. ஆங்கிலக்காரர்கள் அவற்றை எழுத அடிக்கோடும் கூடுதல் எழுத்துகளும் ஒட்டவைக்க வேண்டியிருந்தது, நாம் அப்படியே எழுதிவிடலாம். சொந்தம் என்பதற்கு இது சான்று இல்லை, ஆனால் அவர்கள் பெயர்களை மற்றவர்களை விட நன்றாக உச்சரிக்க நமக்கு வாய் இருக்கிறது. தாத்தா பேரனுக்கு ‘யொல்ஙு’ சொல்லிக்கொடுக்கட்டும், அரை நாள் போகும்.

இதே யொல்ஙு மக்களின் யோத்து யிண்டி என்ற இசைக்குழு 1991-ல் ‘ட்ரீட்டி’ பாட்டால் நாடு முழுக்கத் தெரியவந்தது. அதன் பாடகர் யிர்காலா ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். கடல் நீரும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரத்தை அவர்கள் கன்மா என்பார்கள், இரண்டு அறிவும் அப்படிக் கலந்து பள்ளி நடக்க வேண்டும் என்பது அங்கே பேசப்பட்ட கருத்து. அவர் 2013-ல் காலமானார். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் தவிர்ப்பது பல சமூகங்களில் வழக்கம், அதனால் நானும் பெயரை எழுதவில்லை. நிகழ்ச்சியை போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுக்கச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

புகை பற்றி மட்டும் பாக்கி. யூக்கலிப்டஸ் போன்ற பச்சை இலைகளைக் கனலில் போட்டு, அந்தப் புகை வழியாகப் பிள்ளைகளை நடக்கவிடுவார்கள். இடத்தையும் வந்தவர்களையும் தூய்மைப்படுத்தி வரவேற்பது அது, யாரும் யாரையும் எந்தச் சாமியையும் கும்பிடச் சொல்ல மாட்டார்கள். சாம்பிராணிப் புகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஆஸ்துமா இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், தள்ளி நிறுத்துவார்கள், பஃபர், அதாவது இன்ஹேலர், பையில் இருக்கட்டும். வேண்டாம் என்று பட்டால் அதையும் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கோலா என்று நாங்கள் சொல்லும் கூரை போட்ட முற்றத்தில் நடக்காமல் புல்வெளியில் நடந்தால், ஆடக் கூப்பிடும்போது ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், காலைப் பனியில் புல் ஐஸ் மாதிரி இருக்கும், மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்துவிடுங்கள். ‘ஷேக் எ லெக்’ என்று முழங்காலை விரித்துச் சேர்த்து உதறும் ஆட்டம் ஒன்று உண்டு, உங்கள் பையன் ஒரு வாரத்துக்குச் சமையலறையில் அதைத்தான் ஆடப்போகிறான். ஈமு ஆட்டம் வந்தால் வானத்து ஈமுவையும் சொல்லியிருப்பார்கள்: தென்சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும் கரிய திட்டு தலை, பால்வீதியின் இருட்டுப் பகுதிகள் கழுத்தும் உடம்பும். கமிலராய் மக்கள் அது ஓடுவதாகத் தெரியும் மாதத்தையும், முட்டை மேல் உட்கார்ந்ததாகத் தெரியும் மாதத்தையும் வைத்து, தரையில் ஈமு என்ன செய்கிறது என்று கணக்கு வைத்திருந்தார்கள். அன்று ராத்திரியே பையன் உங்களை வெளியே இழுப்பான். நம் தெரு விளக்குகளுக்கு நடுவே ஒன்றும் தெரியாது, ப்ளூ மவுண்டன்ஸ் பக்கம் நிலா இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து ஒரு ஃபிளாஸ்கில் டீ போட்டுக்கொண்டு போங்கள், மாமனாரையும் ஏற்றிக்கொண்டு.